குட்டீஸோட கேம்பர் வேன்ல முத்துநகர் கடற்கரை... கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வேன் கதவைத் திறந்தா கடல், மெத்தையில உருளும் குழந்தைகள், அடுப்புல கொதிக்கும் டீ. 'நாமளும் ஒரு மூணு மாசம் இப்படிப் போனா என்ன?'னு தோணாத அப்பா, அம்மா கம்மி.

போகலாம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஸாப் தம்பதி 2000-ம் ஆண்டு ஒரு 1928 மாடல் காரில் கிளம்பி, 2022-ல்தான் ஊர் திரும்பினார்கள். நடுவில் நான்கு குழந்தைகள் பிறந்து, அதே காரில் வளர்ந்தார்கள். வழியில் பழகிய மக்களின் வீடுகளில் நின்று நிதானமாகத் தங்கியதால்தான் 22 வருஷம் தாக்குப்பிடிக்க முடிந்தது. குழந்தைகளோடு போகும் நெடும்பயணத்தின் சூத்திரமே இதுதான்: ஓடுற நாள் குறைவு, நிக்கிற நாள் அதிகம். தூத்துக்குடி கடற்கரை அதுக்கு நல்ல இடம். ஆனா, சில விஷயங்களில் சமரசமே கூடாது.

வண்டி சட்டப்படி இருக்கா?

பழைய வேனை வாங்கி, கார்பென்டரை வெச்சு கட்டில் அடிச்சா கேம்பர் வேன் ஆகிடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. ஆர்.டி.ஓ ஒப்புதல் வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்ற தர விதியும் இருக்கு. வாடகைக்கு எடுத்தால், அது வாடகை வாகனமாகப் பதிவானதா என்று ஆர்.சி-யைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், விபத்து நடக்கும்போது இன்ஷூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

கட்டில் தூங்க மட்டும்!

வண்டி ஓடும்போது குழந்தை பின்னாடி மெத்தையில் தூங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. ஒரு சடன் பிரேக் போதும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட்டோ, சைல்டு சீட்டோ கட்டாயம். மீறினால் பிரிவு 194பி-யின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்க, பெல்ட் இருக்கும் சீட் எத்தனையோ, அத்தனை பேர் மட்டும் போங்க.

ராத்திரி ஏசி... உயிர் விஷயம்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசி-க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எனவே, இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. வெளியிலிருந்து கரன்ட் எடுக்கும் வசதி, கொசுவலை போட்ட ஜன்னல், கார்பன் மோனாக்சைடு அலாரம் மூணும் இருக்கட்டும். அடுப்பை வெளியே வெச்சு சமைங்க. பகலில் ஐந்து நிமிஷம்கூட குழந்தையைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுட்டுப் போகாதீங்க. இந்த ஊர் வெயிலில் உள்ளே சூடு மளமளன்னு ஏறும்.

எந்த மாசம் போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். ஏப்ரல், மே வெயில் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நிற்க, சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். ரயிலுக்கே அந்த நிலைமைன்னா, ஆற்றோரம் நிறுத்தின வேனை யோசிச்சுப் பாருங்க. எச்சரிக்கை வந்தால் பிளானை மறந்துட்டு மேட்டுப் பகுதிக்குப் போயிடுங்க.

எங்கே நிற்கலாம், என்ன பார்க்கலாம்?

*தூத்துக்குடி:* ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை, மாலை வெயிலில் உப்பளம், பேக்கரி மக்ரூன். முந்திரி, முட்டை அலர்ஜி இருக்கும் குழந்தைக்கு மக்ரூன் வேண்டாம். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ல் நிறைவடையும். அந்த நாள்களில் பெரிய வண்டியோடு ஊருக்குள் நுழையாதீங்க.

*திருச்செந்தூர்:* தூத்துக்குடியிலிருந்து சுமார் 40 கி.மீ. கந்த சஷ்டி சமயத்தில் நிறுத்த இடமே கிடைக்காது. குலசேகரப்பட்டினம் தசராவுக்கும் இதே கதைதான்.

*உடன்குடி, தேரிக்காடு:* கருப்பட்டி வாங்கலாம், செம்மண் மேட்டில் குழந்தைகள் ஆசைதீர விளையாடலாம். வேன் மட்டும் தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, டயர் புதைந்துவிடும்.

*மணப்பாடு:* திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கி.மீ. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கிய குகை. நாலஞ்சு நாள் தங்க ஏற்ற ஊர். ஆனா, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து சுமார் 60 கி.மீ. அதனால் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ், தெர்மாமீட்டர் கையிலேயே இருக்கட்டும்.

ராத்திரி வெறும் கடற்கரையில் நிறுத்தாதீங்க. லாட்ஜ், ஹோம்ஸ்டே வளாகத்தில் கேட்டு, பார்க்கிங், பாத்ரூம், கரன்டுக்குக் காசு கொடுத்து நில்லுங்க. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்க, பால் கலக்க கேன் தண்ணிதான். கடலில் இறங்கும் முன் ஊர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்ட லெமூர் கடற்கரையில், திடீர் அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததை மறக்க வேண்டாம்.

ஸ்கூல், தடுப்பூசி?

6 வயதுக்குள் என்றால் கவலை குறைவு. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுக் குழந்தையை, இடைவெளி விட்டிருந்தாலும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். என்.ஐ.ஓ.எஸ்-ல் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான திறந்தநிலைக் கல்வியும் உண்டு. 9 மாதம், 16 - 24 மாதம், 5 வயதுத் தடுப்பூசிகளை எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடலாம். தடுப்பூசி அட்டையை மறக்காம எடுத்துக்கோங்க. அவசரத்துக்கு 108.

இந்தக் கரைக்குத் தற்காலிக வாழ்க்கை புதுசு இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சீசன் வந்தால் கரையில் கொட்டகைகளால் ஒரு ஊரே முளைக்கும். கடல் தெளிந்தால் இறங்குவார்கள், இல்லையென்றால் காத்திருப்பார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனா, அந்தக் காத்திருக்கும் பொறுமைதான் உங்களுக்கும் தேவை. குழந்தைக்கு லேசா உடம்பு சுடுதா? இன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க. மணப்பாடு எங்கேயும் போயிடாது.