மச்சமும் மருத்துவமும்

மனிதர் உடலில் தோன்றும் கரும்புள்ளியை மறு என்றும் மச்சம் என்றும் தமிழர் வழங்குவர். முகத்தில் இருந்தால் ஒரு பலன், தோளில் இருந்தால் மற்றொரு பலன் எனக் குறி சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தமிழகத்துப் பள்ளிச் சான்றிதழ்களில் அங்க அடையாளமாகவும் மச்சம் குறிக்கப்பட்டு வந்துள்ளது. நற்பேற்றின் சின்னமெனப் போற்றப்பட்ட இப்புள்ளி, ஒரோவழி உயிர்க்கொல்லி நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம் என்பதை மருத்துவ உலகம் சிறுகச் சிறுகவே அறிந்துகொண்டது.

தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்பதே மச்சம். பெரும்பாலும் அது தீங்கற்றது. அவ்வகை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்போது மெலனோமா என்னும் கரும்புற்று உண்டாகிறது.

1787ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், 35 வயதினர் ஒருவரின் தாடையிலிருந்து கட்டியொன்றை அகற்றினார். அதன் உண்மை இயல்பு அவருக்குப் புலப்படவில்லை. ஆயினும் அதனைப் பேணி வைத்தார். 1968இல் நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோதே அது மெலனோமா என உறுதியாயிற்று. இதயத்துடிப்புமானியைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் லானெக், 1806இல் இந்நோயைத் தனி நோயாக விளக்கினார். 1820இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் நாரிஸ், தம் நோயாளியின் தந்தையும் இத்தகைய நோயால் இறந்தமையை நோக்கி, இது குடிவழி வரக்கூடும் எனக் கருதினார். 1840இல் சாமுவேல் கூப்பர், தொடக்கத்திலேயே அறுத்தெடுப்பதொன்றே உய்யும் வழி என்றார்.

அடுத்த நூற்றாண்டில் காரணங்கள் தெளிவாயின. 1956இல் ஆஸ்திரேலிய அறிஞர் லங்காஸ்டர், வெண்ணிறத்தோரிடையே கடும் வெயிலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். 1970இல் பிரெஸ்லோ, புற்றின் தடிப்பு மிகமிகப் பிழைக்கும் வாய்ப்பு குறையும் என மெய்ப்பித்தார். காலந்தாழ்த்தலே பெருங்கேடு என்பது இதனால் விளங்கும்.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் பாமரரும் அறியத்தக்க நான்கு குறிகளை வகுத்தனர். புள்ளியின் இரு பாதிகளும் ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறம் கலந்திருத்தல், விட்டம் 6 மில்லிமீட்டரை விஞ்சுதல் என்பன அவை. நாளடைவில் மாறுதல் என்னும் ஐந்தாம் குறி 2004இல் சேர்க்கப்பட்டது. கரும்புற்றுகளிற் பெரும்பாலானவை பழைய மச்சத்தில் தோன்றாது புதிய புள்ளியாகவே தோன்றுவதால், முதிர்ந்த வயதில் எழும் புதுப்புள்ளியும் கருதத்தக்கது. அரிப்பும் குருதிக்கசிவும் உடனே மருத்துவரை நாடச் செய்ய வேண்டியவை.

கருநிறத்தோருக்கு இந்நோய் வாராது என்பது தவறு. அரிதே எனினும், வெயில் படாத உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகியவற்றில் அது தோன்றும். ஜமைக்காவின் புகழ்மிக்க பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அது பந்தாட்டக் காயமென்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல், 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மச்சத்தை மயிரால் கட்டி அறுப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் தகா. அவை புண்ணை உண்டாக்குவதோடு, ஆராயவேண்டிய தசையையும் அழித்துவிடும். மச்சம் கண்ட அனைவரும் அஞ்சவேண்டியதில்லை. மாறும் மச்சத்தைப் புறக்கணிப்பதே அஞ்சத்தக்கது. ஆசிரியர்கள் நலக்கல்வி வகுப்பில் இதனை உணர்த்துவாராயின், மாணவர் வழியாக அவர்தம் இல்லங்களும் பயன்பெறும்.