மருத்துவர் ஏறாத கப்பல்



திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நம்மில் பலர் மாலை வேளையில் சங்குமுகம் கடற்கரைக்குச் சென்று அமர்வதுண்டு. அலைகளைக் காணும் நாம், கடலுக்கடியில் வாரக்கணக்கில் மறைந்து செல்லும் நீர்மூழ்கிக் கப்பல்களை நினைப்பதில்லை. நம் இந்தியக் கடற்படையில் முதல் நீர்மூழ்கியான 'கல்வரி' 1967 டிசம்பர் 8ஆம் நாள் சேர்ந்தது. அத்தகைய குறுகிய கலத்தினுள் ஒருவருக்கு நோய் கண்டால் யார் பார்ப்பது? உலகக் கடற்படைகள் சில அப்பொறுப்பை ஒரு மாலுமியிடமே ஒப்படைத்தன. மருத்துவப் பட்டம் பெறாத, ஆயினும் மருத்துவம் பயின்ற மாலுமி அவர்.

பட்டம் பெறாதாரைப் பயிற்றி அனுப்பும் முறை படைகளுக்குப் புதிதன்று. 1835இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி, அப்பாத்திக்கரிகளையும், காயங்களுக்குக் கட்டுக் கட்டும் இந்திய 'டிரெஸர்'களையும் பயிற்றுவதற்காகவே ஏற்பட்டது. அதுவே 1850இல் சென்னை மருத்துவக் கல்லூரியாயிற்று. ஆனால் தரையில் டிரெஸருக்கு மேலே பொதுவாக ஒரு மருத்துவர் இருந்தார். கடலடியிலோ எவரும் இலர்.

இரண்டாம் உலகப் போரின்போது இது சோதனைக்குள்ளாயிற்று. 1942 செப்டம்பர் 11ஆம் நாள், 'சீடிராகன்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கி தென்சீனக் கடலில், பகைவர் நடமாடும் நீர்ப்பரப்பில் இருந்தது. டாரல் ரெக்டர் என்னும் பத்தொன்பது வயது மாலுமி குடல்வால் அழற்சியால் துடித்தார். கப்பலில் மருத்துவம் அறிந்தவர் வீலர் லைப்ஸ் ஒருவரே. மருத்துவமனையில் அறுவைகளுக்குத் துணை நின்றவர் அவர்; தாமே கத்தி எடுத்தவரல்லர். தலைவர் இசைந்தார், நோயாளியும் இசைந்தார். கப்பல் நூற்றிருபது அடி ஆழத்தில் நின்றது. அதிகாரிகள் உண்ணும் மேசை அறுவை மேசையாயிற்று. வளைத்த கரண்டிகள் காயத்தின் வாயை விரித்துப் பிடித்தன. தேயிலை வடிகட்டி ஈதர் மயக்கமருந்து கொடுக்கும் மூடியாயிற்று. டார்ப்பிடோவுக்குரிய சாராயம் கருவிகளைத் தூய்மைப்படுத்தியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரு வாரத்திற்குள் ரெக்டர் தம் பணிக்குத் திரும்பினார்.

இச்செய்தியை எழுதிய ஜார்ஜ் வெல்லர் என்னும் செய்தியாளருக்கு 1943இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் மருத்துவத் தலைமைக்கு மகிழ்ச்சியோடு அச்சமும் தோன்றிற்று. 1942ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே வேறு இரு நீர்மூழ்கிகளிலும் இத்தகைய அறுவை நடந்துவிட்டது. துணிவு வழக்கமாகிவிட்டால் ஒரு நாள் உயிர் போகும் அன்றோ? எனவே கத்தியை நாடாமல், மருந்தாலும் ஓய்வாலும் நோயாளியைத் தாங்கி, கரைக்குச் சேர்க்கும் வழியே வலியுறுத்தப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் கிராட்டன் நகரில், தனியே பணியாற்றும் நீர்மூழ்கி மருத்துவ மாலுமிகளுக்கு ஓராண்டுக்கு மேற்பட்ட பயிற்சி ஏற்பட்டது. நோயை இனங்காணல், அவசரச் சிகிச்சை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆகியவை அதில் அடங்கும்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான், இப்பதவிக்கு முதலில் 'உதவியாளர்' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். யாருக்கு உதவி? உதவி பெறுதற்குரிய மருத்துவர் அங்கே இல்லையே! அவருக்குக் கற்பிக்க வேண்டியவை இரண்டு: செய்யத்தக்கதைத் தயங்காமல் செய்தல், செய்யத்தகாததைத் தொடாதிருத்தல். இரண்டாவதே கடினமானது.

இவ்வுண்மையை அறியக் கடலுக்குள் செல்ல வேண்டுவதில்லை. இதே திருவனந்தபுரத்தில், 1916இல் தைக்காடு மருத்துவமனைப் பொறுப்பை ஏற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், நாட்டு மருத்துவச்சியரைப் பகைக்கவில்லை. அவர்தம் மக்களையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். மருத்துவர் எட்டாத சிற்றூர் வீடும் ஒருவகை நீர்மூழ்கியே. 1938இல் அவர் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார்.

ரெக்டர் 1944 அக்டோபரில் 'டாங்' என்னும் நீர்மூழ்கியோடு மாண்டார். லைப்ஸுக்குக் கடற்படையின் பதக்கம் வந்தது 2005இல். அவர் மறைந்ததும் அவ்வாண்டே. புகழ் அறுபதாண்டு தாமதித்தது. நல்வேளையாக, பயிற்சி உரிய நேரத்தில் கைகொடுத்தது.