ஒளிதரும் உப்பின் வரலாறும் அதனைப் பேணும் முறையும்

வரலாறு என்றவுடன் மன்னர்தம் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நினைப்பது நம்மவர் வழக்கம். ஆயின், ஆய்வுகூடத்து அலுமாரியிற் கிடக்கும் ஒரு போத்தல் உப்புக்கும் வரலாறு உண்டு. அதனை அறியாது அப்போத்தலைத் தொடுவோர்க்கு இடருண்டு என்பதும் உண்மை. யான் இரசாயனம் பயின்றவனல்லேன். வரலாறு கற்று வெளிவாரிப் பட்டம் பெற்ற ஆசிரியன். எனினும், பட்டறிவொன்று இப்பொருள்பற்றி எழுதுமாறு என்னைத் தூண்டிற்று.

டயகமத் தோட்டங்களின் லயங்களுக்கு மின்னொளி எட்டாதிருந்த காலத்தில் மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் பெற்றோமக்ஸ் விளக்கின் ஒளியிலேயே நடைபெற்றன. அவ்விளக்கினுள்ளே சிறு பைபோற் கட்டப்படும் மெண்டில் ஒருமுறை எரிந்தபின் வெண்சாம்பற் கூடாக எஞ்சி நிற்கும். அச்சாம்பரே வெண்மையாய் ஒளிரும். உடைந்துதிர்ந்த கூட்டைச் சிறுவராகிய நாங்கள் விரலிடை நசுக்கி ஊதி விளையாடினோம். அது தோரியம் ஒட்சைட்டும் சிறிதளவு சீரியம் ஒட்சைட்டும் கலந்த தூள் என்பதைச் சொல்வார் அன்று எவருமிலர்.

சீரியம் அருமண் மூலகங்கள் பதினேழனுள் ஒன்று. 1803 ஆம் ஆண்டிற் சுவீடனில் பெர்சீலியஸ், ஹிசிங்கர் என்போரும் ஜெர்மனியில் கிளப்ரோத்தும் அதனைக் கண்டறிந்தனர். தோரியம் அக்குலத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் இயற்கையில் அருமண்களோடு பெரிதும் கலந்தே காணப்படுவது. ஒஸ்திரிய அறிஞர் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1885 இல் அமைத்த முதல் மெண்டில் பசுமை கலந்த ஒளியையே தந்தது. பின்னர், 1891 இல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் சேர்ந்த கலவையை அவர் வகுத்தார். இவ்விரண்டின் நைத்திரேற்று உப்புக் கரைசலிற் பருத்திவலையைத் தோய்த்து உலர்த்தினால் மெண்டில் ஆகும். உலகெங்கும் இவ்விளக்குப் பரவவே, தோரியம் தேடும் முயற்சியும் பெருகிற்று.

அத்தேட்டத்தில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை விளங்கியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கலைநூல் வல்லுநராக நாம் போற்றும் அப்பெரியார் முதலில் நிலவியல் அறிஞரே என்பதை மாணவர் மறத்தலாகாது. சப்பிரகமுவாவிற் பலாங்கொடைப் பகுதி இரத்தினச் சரளையிடையே கரிய நிறமும் மிக்க பாரமும் கொண்ட சதுரமணிகள் கிடைத்தன. 1904 இல் அவர் அவற்றை உரேனியக் கனிப்பொருள் ஒன்றென விவரித்தார். இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தைச் சேர்ந்த விந்தாம் டன்ஸ்டன் அவற்றில் தோரியமே மிகுந்திருத்தலைக் கண்டு, இது புதியதொரு கனிப்பொருள் எனத் துணிந்து, ‘தோரியனைற்று’ எனப் பெயரிட்டார். சீரியமும் இலந்தனமும் அதனுட் சிறிதளவு உள.

இலங்கையின் இக்கனி இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தது. ஒட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் அங்கு அதிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்து, 1905 இல் ‘இரேடியோதோரியம்’ என்னும் புதுப்பொருளைக் கண்டறிந்தார். பின்னர் பேர்லினில், 1907 இல், ‘மெசோதோரியம்’ என்பதையும் கண்டார். 1938 இல் அணுப்பிளவைக் கண்டு 1944 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவரும் இவரே. நாம் கைக்கொள்ள வேண்டிய பாடம் இக்கண்டுபிடிப்புகளிலேயே அடங்கியுள்ளது. தூய்மையாக்கிய தோரிய உப்பின் கதிர்வீச்சு சில ஆண்டுகள் தாழ்ந்து, பின்னர் மெசோதோரியம் முதலிய சேய்ப்பொருள்கள் தொகத்தொகப் பல ஆண்டுகளுக்கு உயர்ந்து செல்லும். மருந்து பழமையடைந்தால் வீரியம் குன்றும் என்பது நம் பொது எண்ணம். இங்கோ நிலைமை நேர்மாறானது.

இவ்வுண்மை தெரியாமையால் யானும் பிழைத்தேன். யான் முன்னர் பணியாற்றிய பாடசாலையொன்றில் ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவு செய்கையில், பெயர்த்தாளைப் பூச்சி அரித்த போத்தலொன்று அகப்பட்டது. ‘தோரியம்’ என்னும் சொல் மட்டும் அரைகுறையாய்த் தெரிந்தது. “பழைய சாமான்; இனி என்ன செய்யப்போகிறது? தட்டிற் சிந்தியதைக் கூட்டிவிடு, தம்பி” என்றேன். மாணவன் என் சொல்லை ஐயுறாது வெறுங்கையாற் கூட்டினான்; தூள் எழுந்தது. அவனுக்கு ஊறு நேர்ந்ததாக யான் அறியேன். எனினும், பின்னர் நூல்களைப் புரட்டியபோது என் நெஞ்சு நடுங்கிற்று. ஆசிரியன் வாய்ச்சொல்லை மாணவன் நம்புகின்றான். அந்நம்பிக்கைக்கு ஈடாக யான் அவனுக்கு வழங்கியது அறியாமையே.

தோரியத்தினின்று வெளிப்படும் அல்பாக் கதிர்களை ஒரு கடதாசித் தாளும் தடுத்துவிடும். ஆகவே, புறத்தேயிருந்து அவை தீங்கு செய்தல் அரிது. தூளாய் மூச்சோடு நுழைந்தாலோ, கைவழியே வாயை அடைந்தாலோ, அவை உடலினுள்ளேயே தங்கிப் பல்லாண்டு கதிர்வீசும். 1930 ஆம் ஆண்டுகள் முதலாக எக்ஸ்கதிர்ப் படம் தெளிவாக அமைதற்பொருட்டு நோயாளரின் குருதியிற் செலுத்தப்பட்ட ‘தோரோத்திராஸ்ற்று’ என்னும் தோரிய மருந்து, நெடுங்காலத்தின் பின் பலர்க்கு ஈரற் புற்றுநோயை விளைத்தது இதற்குச் சான்றாகும்.

ஆதலின் கொள்ளத்தக்க விதிகள் சில உள. போத்தலிற் பெயரும் பெற்ற ஆண்டும் தெளிவாய் எழுதப்படல் வேண்டும். மூடிய போத்தலினுள் தோரன் என்னும் கதிர்வீசும் வாயு திரளுமாதலின், அதனைப் புகைபோக்கும் அறையிலேயே திறத்தல் வேண்டும். கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடலாகாது. குழாயை வாயால் உறிஞ்சுதலும் ஆய்வுகூடத்தில் உண்ணுதலும் கூடா. சிந்தியதைத் துடைப்பத்தாற் கூட்டாது, கையுறையணிந்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். கழிவை நீர்க்கானில் ஊற்றுதல் தகாது. மலைநாட்டுக் கான்கள் ஆற்றையே சேருகின்றன. சீரியம் நைத்திரேற்றுக் கதிர்வீசுவதன்று; ஆயினும் கண்ணைப் புண்படுத்தும். நைத்திரேற்று உப்புகள் யாவும் தீயை வளர்ப்பனவாதலின், அவற்றைக் கடதாசி, மரத்தூள், மதுசாரம் ஆகியவற்றிடமிருந்து விலக்கி வைத்தல் முறை.

அப்போத்தலைப் பூட்டிவைத்து மேலிடத்துக்கு அறிவித்தேன். உரியோர் வந்து எடுத்துச் சென்றனர். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்கீழ் இத்தகைய பொருள்களை மேற்பார்க்கும் பேரவையொன்று உளது. பழைய அலுமாரிகளையுடைய பாடசாலைகள் அதனை நாடுதல் நன்று.

நம் இருளை ஓட்டிய உப்பைப் பழிப்பது என் கருத்தன்று. அவ்வொளியிலன்றோ யான் எழுத்துக் கற்றேன்! பொருளின் பயனைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் இடரையும் உடன் கற்பித்தல் கடன். மாணவரும், “ஐயா, இது யாது?” என்று வினவிய பின்னரே போத்தலைத் தொடுவாராக. அவ்வினாவுக்கு விடை தெரியாவிடின், “அறியேன்; அறிந்து வருவேன், அதுவரை தொடாதே” என்று கூற ஆசிரியர் நாணாதிருத்தல் வேண்டும்.