துருக்கியில் சிரியர்கள்: கணக்கில் வராத ஆண்டுகள்

2011-ல் சிரியாவில் போர் மூண்டபோது எல்லையைத் திறந்துவிட்ட துருக்கி, வந்தவர்களை ‘விருந்தினர்’ என்று அழைத்தது. 2021-ல் அவர்களின் எண்ணிக்கை 37 லட்சத்தைத் தாண்டியது. ஆனால், துருக்கிச் சட்டப்படி இவர்கள் ‘அகதிகள்’ அல்லர்.

ஏன்? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இணைந்த துருக்கி, ஐரோப்பிய நிகழ்வுகளால் இடம்பெயர்வோருக்கு மட்டுமே அகதி அந்தஸ்து என்ற நிபந்தனையை இன்றும் வைத்திருக்கிறது. எனவே சிரியர்களுக்கு ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்ற தனி ஏற்பாடு செய்யப்பட்டது. 2013-ல் இயற்றப்பட்ட 6458-ஆம் எண் சட்டமும், 2014 அக்டோபரில் வந்த ஒழுங்குவிதிகளும் இதற்கு அடிப்படை.

கிடைப்பவை

பதிவு செய்தவருக்கு 99 என்று தொடங்கும் எண் கொண்ட அடையாள அட்டை தரப்படும். அதைக் கொண்டு நாட்டில் தங்கலாம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் விதி. 2016 முதல் வேலை அனுமதிக்கும் வழி திறந்தது.

கிடைக்காதவை

ஒழுங்குவிதிகளின் 25-வது பிரிவுதான் முக்கியமானது. இந்த அட்டை வதிவிட அனுமதிக்குச் சமமல்ல என்கிறது அது. முறையான வதிவிட அனுமதியுடன் 8 ஆண்டுகள் தொடர்ந்து வாழும் வெளிநாட்டவர் நீண்டகால வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிகப் பாதுகாப்பில் கழிந்த ஆண்டுகளோ அந்தக் கணக்கில் சேராது. குடியுரிமை கோரவும் இந்த அட்டை உரிமை தராது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் குடியுரிமை பெற்றிருந்தாலும், அவர்களில் பலருக்கு அது கிடைத்தது அரசின் விருப்பத்துக்கு உட்பட்ட விதிவிலக்கு வழியில்தான்.

துருக்கியில் பிறந்தாலே குடியுரிமை என்ற சட்டமும் அங்கில்லை. அதனால் அங்கேயே பிறந்து, துருக்கி மொழியில் படிக்கும் பிள்ளையின் கையிலும் அதே அட்டைதான்.

கவனிக்க வேண்டியவை

பதிவு செய்த மாகாணத்திலேயே வசிக்க வேண்டும்; வெளி மாகாணம் செல்லப் பயண அனுமதி தேவை. தாமாக விரும்பித் திரும்புவதாகப் படிவத்தில் கையெழுத்திட்டு வெளியேறினால் பாதுகாப்பு முடிந்துவிடும். படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது என்று சொல்லப்படுவது இதனால்தான்.

2024 டிசம்பர் 8-ல் அசாத் ஆட்சி வீழ்ந்தபின் பல லட்சம் பேர் ஊர் திரும்பினர். வீடிழந்தவர்களுக்கும், துருக்கியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் முடிவு அத்தனை எளிதல்ல. தற்காலிகப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவரும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தும், ‘இனியும் இங்கேயே இருப்பேன்’ என்று உரிமையோடு சொல்ல அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.