பழைய கூட்டு அறுவடை இயந்திரத்தில் கதிரடிப்பைச் சீராக்குதல்

கூட்டு அறுவடை இயந்திரம் பயிரை அறுத்து, கதிரடித்து, வைக்கோலைப் பிரித்து, மணியைத் தூற்றும் வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. பல பருவங்கள் உழைத்த இயந்திரத்தில் கதிரடிப்பு கெடும்போது மணி உதிராத கதிர்கள், உடைந்த மணிகள், வைக்கோலோடு வெளியேறும் மணிகள் என மூன்று குறைகள் தெரியும். தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பித்தல், வேகத்தையும் இடைவெளியையும் திருத்துதல், பயிருக்கேற்ப உறுப்புகளை மாற்றுதல் என்ற வரிசையில் இவை சரிசெய்யப்படுகின்றன.

அமைப்பு

பழைய இயந்திரங்களில் கதிரடி உருளை (டிரம்) குறுக்குவாட்டில் சுழலும். அதன் கீழே வளைந்த கம்பித்தட்டான கான்கேவ் இருக்கும். இவற்றின் நடுவே புகும் கதிர் அடிபட்டும் தேய்க்கப்பட்டும் மணியை உதிர்க்கிறது. பெரும்பகுதி மணி கான்கேவ் வழியாகவே இறங்கிவிட வேண்டும். எஞ்சியது வைக்கோல் உலுக்கிகளில் பிரியும். நீளவாட்டில் சுழலும் ரோட்டார் கொண்ட இயந்திரங்களை நியூ ஹாலண்ட் 1975இலும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977இலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. கோதுமைக்கு வரியிட்ட இரும்புப் பட்டைகள் கொண்ட உருளையும், ஈர வைக்கோலுள்ள நெல்லுக்குப் பல் உருளையும் பொதுவாகப் பயன்படுகின்றன.

தேய்மானம்

பட்டைகளின் வரிகள் மழுங்கினால் தேய்க்கும் திறன் குறையும். அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் மணி உடையும். எனவே தேய்ந்த பட்டைகளை மாற்றுவதே முதல் வேலை. எதிரெதிர்ப் பட்டைகளை ஜோடியாக மாற்றினால்தான் உருளையின் எடைச் சமநிலை கெடாது. இடச்சாய்வு, வலச்சாய்வு வரிகள் மாறிமாறி வரவும் வேண்டும்.

கான்கேவ் குறுக்குப் பட்டைகளின் முன்விளிம்பு உருண்டிருந்தாலும் மணி சரியாக உதிராது. ஒரு பட்டை வளைந்து மேலே நின்றால் இடைவெளி முழுவதும் அதனாலேயே கட்டுப்படும். இடப்புறமும் வலப்புறமும் இடைவெளி சமமாக உள்ளதா என அளந்து பார்க்க வேண்டும். உருளைத் தண்டின் பேரிங் ஆட்டம், வேகம் மாற்றும் பெல்ட்டின் வழுக்கல், கதிரை உள்ளே இழுக்கும் சங்கிலியின் தளர்ச்சி ஆகியவையும் சரிபார்க்கப்பட வேண்டியவை. சங்கிலி தளர்ந்தால் பயிர் கட்டிகட்டியாக நுழையும். அப்போது எந்த அளவும் பொருந்தாது. இவ்வேலைகளை எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே செய்ய வேண்டும்.

வேகமும் இடைவெளியும்

உருளையின் சுற்று எண்ணிக்கையைவிட அதன் விளிம்பு வேகமே முக்கியம். 56 செ.மீ. விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால் விளிம்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 29 மீட்டர். இது காய்ந்த கோதுமைக்கு ஏற்றது. நெல்லுக்கு இதைவிடக் குறைந்த வேகமும், எளிதில் பிளவுபடும் பயறு வகைகளுக்கு இதில் பாதி அல்லது அதற்கும் குறைந்த வேகமும் போதும்.

கான்கேவின் முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்க வேண்டும். மணி உதிர உதிரப் பயிர் அடுக்கு மெலிவதே காரணம். கதிரில் மணி தங்கினால் முதலில் இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும். போதாதபோது வேகத்தைக் கூட்டலாம். மணி உடைந்தால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். சல்லடை தவறாக அமைந்து, நல்ல மணி மீண்டும் மீண்டும் உருளைக்குத் திரும்பினாலும் உடைவு கூடும். நெல்லை 20 முதல் 24 விழுக்காடு ஈரத்தில் அறுப்பது பொதுவழக்கம். காலைப் பனி உலர்ந்து வெயில் ஏறும்போது அமைப்பை மறுபடி திருத்த வேண்டும்.

உறுப்பு மாற்றங்கள்

உமி பிரியாத கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் கான்கேவின் முன்வரிசைத் துளைகளைத் தகடு வைத்து மூடலாம். பயிர் அதிக நேரம் தேய்க்கப்படும். மக்காச்சோளத்துக்கும் சோயா மொச்சைக்கும் கான்கேவ் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நீக்கினால் பெரிய மணிகள் விரைவாக இறங்கும். நெல்லுக்குப் பல் உருளையைப் பொருத்தும்போது அதற்குரிய பல் கான்கேவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல் உருளை வைக்கோலை அதிகம் நொறுக்குவதால், வைக்கோலை மாட்டுத்தீவனமாக்கும் தமிழ்நாடு போன்ற இடங்களில் இது கருதத்தக்கது.

இழப்பைக் கணக்கிடுதல்

சுமார் 45 நெல்மணிகள் ஒரு கிராம் எடையுள்ளவை. ஆகவே சதுர மீட்டருக்கு 45 மணி சிதறினால் ஹெக்டேருக்கு 10 கிலோ இழப்பாகும். 4 மீட்டர் அகலம் அறுத்து, வைக்கோலை ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டும் இயந்திரத்தின் பின்னால் எண்ணிய தொகையை நான்கால் வகுக்க வேண்டும். அறுப்புக்கு முன்பும் வெட்டும்போதும் உதிர்ந்தவற்றைத் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும்.

வைக்கோலில் மணியுள்ள கதிர் கிடந்தால் குறை கதிரடிப்பில் உள்ளது. உதிரி மணி கிடந்தால் குறை பிரிப்பிலோ தூற்றுதலிலோ உள்ளது. ஒரு சோதனையில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி மீண்டும் எண்ணினால்தான் பலன் எதனால் வந்தது என்பது தெளிவாகும்.