நோக்கும் நோக்கமும்: மூளை மின்தூண்டலின் வரலாற்றில் ஒரு கூறு

தமிழில் ‘நோக்கு’ என்னும் சொல் கண்ணின் தொழிலையும் கருத்தின் தொழிலையும் ஒருங்கே சுட்டி நிற்பது. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய முப்பத்து நான்கு உறுப்புகளுள்ளும் நோக்கு ஒன்று. ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு திருக்குறளின் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் இருமுறை இடம்பெறுகிறது. அரசவையில் இருப்பவனும் காதலில் இருப்பவனும் பிறர் கண்ணைக் கொண்டே உள்ளத்தை அறிய வேண்டியவர்கள். கண் அசையுமுன் கருத்து அசைந்துவிடுகிறது என்பது நம் புலவர்கள் ஐயமின்றிக் கொண்ட முடிபு எனலாம். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் நிகழ்வது யாது என்ற வினாவுக்கு விடை தேடியவர்கள் மூளையில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்த அறிவியலார். அவர்களது வரலாற்றின் ஓர் ஏடு நம் நாட்டில் எழுதப்பட்டது என்பதை வேப்பந்தட்டை நண்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

1870ஆம் ஆண்டு பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்ப்பக்கத்துக் கால் அசையக் கண்டனர். புறணி மின்தூண்டலுக்கு இணங்காது என்று அதுவரை நிலவிய கருத்து அன்றே சரிந்தது. அதே ஆண்டில் அடாமியுக் என்னும் ரஷ்ய மருத்துவர், நடுமூளையில் உள்ள சிறு மேட்டைத் தூண்டினால் இரு விழிகளும் சேர்ந்து எதிர்ப்புறம் திரும்பும் எனக் காட்டினார். பின்னர் டேவிட் ஃபெரியர் இங்கிலாந்தில் குரங்குகளிடம் இம்முறையைக் கையாண்டார். நெற்றிப்புற மூளையின் ஒரு பகுதியைத் தூண்டியபோது குரங்கின் கண்கள் அகல விரிந்தன, பாவை பெருத்தது, தலையும் விழியும் எதிர்த்திசை திரும்பின. எதையோ கண்டு வியந்ததுபோன்ற தோற்றம்! மருட்கை என்று நம் மெய்ப்பாட்டியல் கூறும் அந்நிலை, வியத்தற்கு ஒரு பொருளும் இல்லாமலே அங்கு உண்டாயிற்று.

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பெண்ணின் பெயர் உண்டு. மேரி ராஃபர்டி என்பவள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வீட்டுவேலை செய்து பிழைத்த அயர்லாந்துப் பெண். தலையில் தோன்றிய புற்றுநோய் மண்டையோட்டை அரித்து மூளையைத் திறந்து வைத்திருந்தது. 1874இல் ராபர்ட்ஸ் பார்த்தலோ என்னும் மருத்துவர் அவளது மூளையினுள் ஊசிமுனைகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். கை நீண்டது, தலை திரும்பியது. மின்னோட்டம் கூட்டப்பட்டபோது வலிப்பு கண்டது. சில நாள்களில் அவள் இறந்தாள். அவள் உடன்பட்டதாகவே மருத்துவர் எழுதினார். சாகக்கிடக்கும் ஓர் ஏழைப் பணிப்பெண் தன் மருத்துவரிடம் ‘மாட்டேன்’ என்று எவ்வாறு சொல்லியிருப்பாள் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மருத்துவ உலகு அவரைக் கண்டித்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார். 1881இல் ஃபெரியர்மீதே இலண்டனில் விலங்குவதை வழக்குத் தொடரப்பட்டது. அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்றிருந்த வேறொருவர் என்பதால் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று.

மனித மூளையை அறத்தோடு அணுகும் வழியைக் கனடா நாட்டு மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு வளர்த்தெடுத்தார். வலிப்பு நோய்க்கான அறுவையின்போது நோயாளி விழித்திருப்பார்; மூளைக்கு வலி தெரியாது. எவ்விடத்தை வெட்டலாகாது என்று அறியவே அவர் தூண்டிப் பார்த்தார். கை அசைந்தால், ‘இது என் செயலன்று’ என்று நோயாளிகள் கூறினார்களாம். அசைவு இருந்தது, நோக்கம் இல்லை.

சென்னையில் 1950இல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. அவ்வழியில் வந்த டாக்டர் டி. எஸ். கனகா, ஆசியாவின் முதற்பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர், 1970களிலேயே மூளையினுள் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் மருத்துவத்தை மேற்கொண்டார். அது கண்ணசைவு பற்றிய ஆய்வன்று, நோய் தீர்க்கும் பணி. எனினும் மூளைக்குள் மின்முனை என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காக இங்குக் குறித்தேன். 2018இல் அவர் மறைந்தார்.

கண்ணுக்கு வருவோம். நம் விழி ஒரு வரியை வழுக்கிக்கொண்டு படிப்பதில்லை. தாவித் தாவிப் படிக்கிறது. நொடிக்கு மூன்று முறை அளவில் இத்தாவல் நிகழ்கிறது. 1969இல் ராபின்சன், ஃபூக்ஸ் என்னும் அமெரிக்க அறிவியலார் இருவர், விழித்திருக்கும் குரங்கின் நெற்றிமடலில் ஃபெரியர் தொட்ட அப்பகுதியை நுண்முனையால் தூண்டினர். ஒவ்வொரு புள்ளிக்கும் தாவலின் திசையும் தொலைவும் வரையறுக்கப்பட்டிருக்கக் கண்டனர். பிற்காலத்தில் 50 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே இதற்குப் போதுமெனத் தெரிந்தது. 2003இல் மூர், ஆம்ஸ்ட்ராங் என்போர் கண்ணை அசைக்கவும் போதாத அளவுக்கு மின்னோட்டத்தைக் குறைத்தனர். கண் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் அப்புள்ளி குறிக்கும் திசையில் இருந்த பொருளுக்குப் பார்வைப் புறணி கூடுதலாக எதிர்வினை காட்டியது. நோக்காமலே நோக்கம் கொள்ளுதல் என்று இதனைச் சொல்லலாமா? நான் சொல்வேன்.

இங்கேதான் இந்திய ஆய்வு வருகிறது. மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பணியாற்றிய ஆதித்ய மூர்த்தி, அர்ஜுன் ராமகிருஷ்ணன், ராஜசேகர் சுரேஷ்பாபு ஆகியோருடன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, மனம் மாறுதல் எவ்வாறு நிகழ்கிறது என்று வினவியது. குரங்கின்முன் ஓர் ஒளிப்புள்ளி தோன்றும்; அதனை நோக்கி விழி தாவ வேண்டும். சில வேளைகளில், விழி புறப்படுமுன்னரே வேறிடத்தில் மற்றொரு புள்ளி தோன்றும். அப்போது முதலதைக் கைவிட்டு இரண்டாவதை நோக்க வேண்டும். சிக்கல் யாதெனில், முதல் எண்ணம் முந்திக்கொண்டு வலுப்பெற்றுவிட்டது. இரண்டாவது இப்போதுதான் முளைக்கிறது. மெலிந்தது வலியதை எவ்வாறு வெல்லும்?

இதனை அறிய அவர்கள் அந்த இடைப்பொழுதில் மூளையை மின்முனையால் தட்டினர். தட்டிய புள்ளிக்கு உரிய திசையிலேயே விழி தாவ வேண்டும். ஆனால் உள்ளே வேறோர் எண்ணம் உருவாகிக்கொண்டிருந்தால், தாவல் அவ்வெண்ணத்தின் பக்கம் சற்றே வளையும். அவ்வளைவே மறைந்திருக்கும் கருத்தின் சுவடு. தட்டும் கணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, முதல் எண்ணம் படிப்படியாக ஒடுங்குவதையும் புதிய எண்ணம் பின்னர் எழுவதையும் அவர்களால் வரைந்து காட்ட முடிந்தது. புதியது பழையதை மோதித் தள்ளுவதன்று. பழையதை நிறுத்துவதற்கெனத் தனியொரு செயல் உண்டு என்னும் கருத்துக்கு இது துணை நின்றது. ஃபெரியர் காலத்து மின்சாரம் கண்ணுக்குக் கட்டளையிட்டது. இங்கே அதே மின்சாரம் வினவிவிட்டு விடைக்குக் காத்திருந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்களுள் இதனையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

எழுதிய சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் தேடும் கவிஞர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. அடித்தல் ஒரு வேலை, எழுதுதல் வேறொரு வேலை என்பது நம் கூட்டங்களில் பலரும் பட்டறிந்து பேசிய செய்திதான்.

குரங்குகளின் மண்டையைத் திறக்காமல் இவற்றை அறிய இயலாதா என்று கேட்பது நியாயமே. 1985இல் ஷெஃபீல்டு நகரில் பார்க்கர் குழுவினர் காந்தப்புலத்தால் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் கருவியை உருவாக்கினர். வலியின்றி, கத்தியின்றி மனிதரிடமே விழித்தாவலை ஆராய அது பயன்பட்டு வருகிறது. ஆனால் அக்காந்தம் ஒரே வேளையில் தொடும் பரப்பு பெரிது. ஒரு புள்ளியைத் தட்டி அதன் வளைவை அளக்கும் நுட்பம் அதற்கு வாய்க்கவில்லை. ஆகவே குரங்கின் கடன் இன்னும் தீரவில்லை.