கல்கி இதழும் தமிழிசை வழக்கும்



வித்துவான்களுக்கு உரியதென்று கருதப்பட்ட ஓர் இசை வழக்கை, ஒரு வார இதழ் மக்கள் மன்றத்திற்குக் கொணர்ந்த வரலாற்றை இவ்வுரையில் காண்போம்.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி, 1930களில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியைக் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதிவந்தார். அச்சொல் ஓர் இசை மரபைக் குறிக்கும். பேச்சுவழக்கிலோ பழம்போக்கினரைக் குறிக்கும். இவ்விரு பொருளும் தோன்ற அமைந்த அப்பெயரிலேயே அவர் நகைச்சுவை விளங்குகிறது. இராக நுட்பம் அறியாதாரும் சுவைக்கத்தக்க இசைத்திறனாய்வு நடையை அப்பகுதி தமிழுக்கு வழங்கியது.

விகடனை விட்டு விலகிய அவர், தி. சதாசிவத்துடன் இணைந்து 1941 ஆகஸ்டு முதல் நாள் 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'சாவித்திரி' திரைப்படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்து ஈட்டிய பொருள் அதற்கு முதலாயிற்று. இசையால் பிறந்த இதழ் என அதனைக் கூறுதல் மிகையன்று.

அதே திங்களில், அரசர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. இசைக்கு மொழி தடையன்று, தரமே அளவுகோல் என்றனர் மறுப்போர். பிறமொழிக் கீர்த்தனைகளை வெறுக்க வேண்டா. ஆயின் தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாடல் தலைமையிடம் பெறவேண்டும் என்று கல்கி வாதிட்டார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

இவ்வழக்கின் வேர் ஒரு சொல்லில் உள்ளது. கச்சேரியின் இறுதியில் பாடப்படும் சிறு பாடல்களுக்குத் 'துக்கடா' என்று பெயர். துண்டு என்பது அதன் பொருள். தமிழ்ப் பாடல் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிறுத்தப்பட்டது. 'கச்சேரி' என்பதும் அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறித்து வந்த வேற்றுச்சொல்லே. ஆதலின் சொற்கலப்பு இங்கு வழக்கன்று. எம்மொழிக்கு எவ்விடம் என்பதே வழக்கு.

பினாங்கிற்கும் இதில் தொடர்புண்டு. அரசர் அண்ணாமலையார் பிறந்த நகரத்தார் மரபினரின் கிட்டங்கிகள் நம் பினாங்கு தெருவில் இருந்தன. சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் வந்த கப்பல்களே தமிழ் இதழ்களை இத்தீவிற்குக் கொணர்ந்தன. இதழ் பிறந்த ஐந்தாம் திங்களான 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1945 வரை அக்கடல்வழி அறுபட்டது. தமிழிசை வழக்கு சூடுபிடித்திருந்த ஆண்டுகளில், தாயகத்து அச்செழுத்து இங்கு எட்டவில்லை. ஒரு மொழிச் சமூகம் கப்பலை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை இடருடையது என்பதை அவ்வாண்டுகள் உணர்த்துகின்றன.

மலேசியத் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியதாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அக்கல்வியின் வாரிசுகளாகிய மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: நும் பள்ளி விழா நிரலில் தமிழ்ப் பாடல் எவ்விடத்தில் நிற்கிறது? தலைமையிடத்திலா, துக்கடாவிலா? விடை கல்கியின் கையில் இல்லை. நிரல் வகுக்கும் நும் கையிலேயே உள்ளது.